பூரணிக்குப் போட்ட பேர்

"திருடிட்டுத்தான் ஹோட்டல்ல இருந்து ஓடியாந்திருக்கா" என்று குழாயடியில் நின்று சொன்னாயே வீரம்மா, எதைத் திருடினாள் என்றும் சொல்லேன். சொல்ல மாட்டாய். திருடினவள் பின்கதவையல்லவா தேடுவாள்? பூரணி எந்தக் கதவு வழியாக வந்தாள் என்று உனக்குத் தெரியுமா? அவள் என் மருமகள். நான் பேசத்தான் செய்வேன்.

இறம்பொடைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பூரணிக்குக் கை வேகம். கை வேகமாக இருந்து என்ன செய்ய? தேயிலை மலையை நிர்வாகம் கவனிக்காமல் போட்டுவிட்டது. தேயிலைக்குள் புல் ஆள் உயரம் நிற்கிறது. நம் தேயிலை கப்பலேறிப் போய் நாட்டுக்கு டாலர் கொண்டுவருகிறது என்று மேடையில் பேசுகிறார்கள். அவளுக்குக் கிடைத்தது அரைப்பேர்தான்.

அப்போதுதான் கொழும்புக் கம்பெனி ஒன்று கொழுந்து அரைக்கிற ஸ்டோர் மூடிக்கிடந்ததை எடுத்து ஹோட்டலாக்கியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கொத்மலை அணைத் தண்ணீர் தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவர். லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதல் வேலை என்றார்கள். மேனேஜர் ஜெயகாந்தன் ஹட்டன் டவுன்காரர்.

"ஒனக்குப் பேர் போட்டாச்சும்மா, நாளைக்கே வந்துரு" என்றாராம்.

"அத்த, முழுப்பேரு!" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் பாயசம் காய்ச்சினேன். தோட்ட வேலையை விட்டுவிட்டாள்.

அவர் போட்ட பேர் நெஞ்சில் குத்துகிற பேட்ஜ். அதிலும் 'மாலா' என்று இருந்தது, முன்பு வேலையை விட்டு நின்றுபோன பெண்ணுடையது.

"சார், நான் பூரணி."

"வெள்ளைக்காரங்க வாயில அது நொழையாது. மாலாவே இருக்கட்டும்."

ஹோட்டலைச் சுற்றி அழகுக்கு விட்டுவைத்த தேயிலைக்குள் கூடையோடு நிற்க வேண்டும், வந்தவர்கள் படம் எடுப்பார்கள், பிறகு தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும். இதுதான் வேலை. மழை பிடித்து ஆள் வராவிட்டால், "கெஸ்ட் இல்ல, வீட்டுக்குப் போ." அன்றைக்கு அரைப்பேர்கூட இல்லை. பொறுக்கமுடியாமல் தோட்டத்துக்கே திரும்பிப் போய்க் கேட்டாள். "ஒம் பேரத்தான் வெட்டியாச்சேம்மா" என்றார் கணக்கப்பிள்ளை. இனி ஹோட்டலில் நிரந்தரமானால்தான் அடுப்பு எரியும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "மொதலாளி வரட்டும்" என்பதே பதில்.

வந்தார், புதிதாகப் பணம் போட வந்த வெளிநாட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளைக் காட்டி இங்கிலீசில் ஏதோ சொன்னார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஹோட்டல் வந்ததால ஒன் வாழ்க்கையே மாறிருச்சுன்னு ஐயா சொல்றாரு. கொஞ்சம் சிரி மாலா" என்றார் ஜெயகாந்தன்.

"என் பேரு பூரணி சார். என்னய எப்ப பர்மனென்ட் ஆக்குவீங்கன்னு ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"இப்பவா கேக்குறது? சிரி மொதல்ல!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேட்ஜைக் கழற்றி, முதலாளிக்கு முன்னால் இருந்த சீனிக் கிண்ணத்துக்குள் போட்டாள். வேலைக்காரர்கள் போக வரப் பின்பக்கத்துக் குசினிக் கதவுதான். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் திறக்கிற கண்ணாடிக் கதவைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு, எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாக இறங்கி வந்தாள்.