நடுச்சுவர் கணக்கு

என் மகளின் கணக்கு டீச்சர் போனில் ஏதாவது செய்தி அனுப்பினால், படிப்பதற்கு முன் நான் ஒருமுறை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வேன். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குக் கணக்கு சொல்லித்தந்த சாரிடம் போன் கிடையாது. பெற்றோரிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால், பறித்த கொழுந்தை நிறுத்து முடிந்த பிறகு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கே நடந்து வந்துவிடுவார்.

வட்டவளையிலிருந்து வரும் அந்தச் சாருக்கு ஒரு வினோத வழக்கம் இருந்தது. யாராவது தப்பான விடையைத் தைரியமாகச் சொன்னால் வகுப்பே கை தட்ட வேண்டும். “சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுதான்டா. தப்புதான் அவனவன் சொந்தமா யோசிச்சது” என்பார். நான் சரியும் சொன்னதில்லை, தப்பும் சொன்னதில்லை. வாயே திறக்காத பிள்ளை.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு லயத்தை வரைந்தார். வரிசையாக ஆறு வீடு. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். மொத்தம் எத்தனை நடுச்சுவர்? ஆறு என்று பலர் கத்தினார்கள், கைதட்டல் விழுந்தது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மகன் ஐந்து என்றான். எங்கள் லயமும் ஆறு வீட்டு லயம்தான். எப்படித் தைரியம் வந்ததோ, எழுந்து “நாலு” என்றேன்.

“எப்புடிடா?”

“எங்க வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவுல சுவரு இல்ல சார். சித்தப்பா கல்யாணத்துக்குப் பந்தி போட அப்பா இடிச்சிட்டாரு.”

வகுப்பு கை தட்டியது. கண்டாக்கு மகன் மட்டும் கண்ணை அகல விரித்தான். தோட்டத்து வீட்டில், தோட்டத்தை நடத்தும் துரையைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. சுவர் விஷயம் கண்டாக்கு காதுக்குப் போனால் அப்பாவுக்கு வேலையும் போகும், எங்களுக்கு வீடும் போகும். வெளியில் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லித்தான் வைத்திருந்தார். கைதட்டலில் அதுகூட நினைவில் இல்லை. “சாயந்திரம் வீட்டுக்கு வர்றேன்” என்றார் சார். அப்போதுதான் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

வீட்டில் சொன்னதும் எல்லோரும் ஓடினார்கள். அம்மா தன் கல்யாணச் சேலையை எடுத்து இடித்த இடத்தில் கட்டினாள். அந்தப் பக்கம் சித்தி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அதன்மேல் முருகன் படத்தைத் தொங்கவிட்டார்.

சார் வந்து உட்கார்ந்து பிளேன்டீயை வாங்கிக்கொண்டார். மலைக்காற்றில் முருகன் மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்.

“ஒங்க மகன் இன்னைக்கு வாயத் தொறந்தாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அவன் என்னா சொன்னாலும் நம்பாதீங்க சார்” என்றாள் அம்மா. “சுவரு கல்லாட்டம் இருக்குங்க.”

“ஆமாங்க சார், கல்லாட்டம்” என்றாள் சித்தி, சுவருக்குப் பின்னாலிருந்து.

சாருக்குப் புரையேறியது. முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு சித்தி சிரித்த சிரிப்பில் பிடி நழுவ, சேலையும் முருகனும் சேர்ந்து அவள் மேலேயே விழுந்தார்கள். சித்தப்பா அந்த வீட்டு அடுப்படியிலிருந்து சாருக்குக் கும்பிடு போட்டார்.

“புள்ளைய மட்டும் அடிச்சிராதீங்க. நல்லா யோசிச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு, எங்கள் வாசலால் வந்த சார் சித்தப்பா வாசலால் இறங்கிப் போனார்.

மறுநாள் வகுப்பில் சார் அதே லயத்தை மறுபடி வரைந்தார். “நேத்து இவன் வீட்டுக்கு நானே போய்ப் பாத்தேன். சுவரு கல்லாட்டம் இருக்கு. விடை அஞ்சு” என்று கண்டாக்கு மகனைப் பார்த்து உரக்கச் சொன்னார். அப்பாவிடம் சொல்ல வைத்திருந்த சேதி பொய்யாகிவிட, அவன் முகம் வாடிப்போனது. பிறகு சார் என் பக்கம் திரும்பி, ஏதோ எதிர்பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அழுகை வந்தது. கண்ணால் பார்த்த மனிதர் இப்படிச் சொல்லலாமா?

தப்பான விடையொன்றைத் தைரியமாகச் சொல்லிவிட்டு, அதற்குரிய கைதட்டலுக்காகத்தான் அவர் நிற்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.