கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு போட்டோ

காலை ஐந்தே முக்காலுக்கு அன்பரசனுக்குச் செய்தி வந்தது. எம். புதுப்பட்டியில் அவன் நண்பன் வெள்ளைத்துரை தூக்கத்திலேயே இறந்துவிட்டான். அன்பரசன் போன் போட்டுச் சொன்ன எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எந்தக் கம்பெனியிலே?" நெஞ்சுவலி என்றதும் குரல்கள் சற்றுச் சப்பென்று ஆயின. இருபத்தாறு வருஷம் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவன் பாயில் படுத்துச் சாவான் என்று ஊர் எதிர்பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு எடுப்பு. அதற்குள் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். வீட்டில் இருந்ததோ மீசை முளைக்காத கல்யாணப் போட்டோ ஒன்றுதான்.

"நல்ல மொகமா ஒண்ணு குடுங்கண்ணே. பாக்குறவுகளுக்கு இவுகன்னு தெரியணும்" என்றாள் வெள்ளைத்துரையின் மனைவி வள்ளித்தாய்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அன்பரசனிடம் இருந்ததெல்லாம் போன மாதம் சீசன் முடிந்து ஆலை மூடியிருந்தபோது, நண்பர்கள் நான்கு பேர் கொடைக்கானல் போய் எடுத்தவை.

முதல் படம் கடைத்தெருவில். சாக்லேட் கடையில் வெள்ளைத்துரை முதுகைக் காட்டி நிற்கிறான். பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இங்கன ஒரு வாசல்தான் இருக்கு. தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவீக?"

"வாங்குறீங்களா, இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"இன்னொரு வாசல் வைங்க, வாங்குறேன்."

"ஏலே, ஊரு சுத்த வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா?" என்றான் கூட வந்த பாண்டி.

அடுத்த படத்தில் பருத்திச் சட்டையோடு நடுங்குகிறான். மூஞ்சி கோணிக் கிடக்கிறது. ஸ்வெட்டர் வாங்க மறுத்துவிட்டான். "நைலான்லே. ஒரசுனா பொறி வரும்."

அதற்கடுத்தது மலை விளிம்பில், கம்பி வேலி ஓரம். பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ குபுகுபுவென்று ஏறியது. "ஓடுங்கலே" என்று வெள்ளைத்துரை சத்தம் போட்டான். நால்வரும் ஓட, ஏனென்று கேளாமல் பெங்களூர்க் குடும்பம் ஒன்றும், சோளம் சுடுகிறவரும் கூடவே ஓடினார்கள். நூறடி தாண்டித்தான் வெள்ளைத்துரை நின்று மூக்கை உறிஞ்சினான்.

"கந்தக வாடை இல்லையே."

"மேகம்யா அது" என்றார் சோளக்காரர் மூச்சிரைக்க.

"மேகம்னா மேல இருந்துல்ல வரணும்? கீழ இருந்து வந்தா பொகைதான்."

ஓட்டத்தில் கைபட்டு விழுந்த அந்தப் படத்தில் அவன் முதுகு மட்டும் இருந்தது.

பிறகு நால்வரும் திரும்பிப் போய் வேலியோரம் நின்று, விழுந்து விழுந்து சிரித்தபோது சோளக்காரர் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. வெள்ளைத்துரை மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய இருந்தான்.

அதை அன்பரசன் வள்ளித்தாயிடம் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். "இவுகதான்" என்றாள்.

அச்சகத்துப் பையனுக்கும் ஏக திருப்தி. "எல்லாருக்கும் நாங்கதான்ணே பின்னாடி மேகம் போடுவோம். இவரு கையோட கொண்டாந்துட்டாரு."

பக்கத்தில் நின்ற மூவரையும் அழித்தான். கல்யாண ஆர்டர் ஒன்று அவசரப்படுத்தியதால், வெள்ளைத்துரையின் தோளில் கிடந்த அன்பரசனின் கையை அழிக்காமலே பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டான்.