மேட்டுப் பக்கம் ஒரு எட்டு கூட

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாஸ்கட்போல் விளையாடியது பெரட்டுக் களத்தில். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அதே இடம் பின்னேரம் எங்களுக்கு. றக்வான மலையில் சமதரை கேட்டால் கிடைக்குமா? களம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். மேட்டில் ஒரு வளையம், பள்ளத்தில் ஒரு வளையம், பள்ளத்து வளையத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான்.

பந்தைக் கையில் பிடித்த பிறகு இரண்டு எட்டுதான், அதற்கு மேல் வைத்தால் ட்ராவலிங் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லித் தந்திருந்தார். பள்ளத்துப் பக்கம் நாங்களும் யோக்கியமாகத்தான் ஆடினோம். மேட்டுப் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஏறினால் அது நம்மை விட்டுவிட்டுக் கானுக்குள் போய்விடும். அதில் இறங்கி அட்டைக்கடி வாங்க யாருக்கு ஆசை? அதனால் மேடு ஏறுகிறவளுக்கு ஒரு எட்டு கூட. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள், கான் போட்ட சட்டம்.

அக்காதான் எங்கள் கெப்டன். வாய்க்காரி. முதல் பாதியில் பள்ளத்து வளையத்துக்கு அடிப்பது தன் கட்சிதான் என்று சண்டை போட்டுப் பிடுங்கிக்கொள்வாள். இடைவேளைக்குப் பிறகு மேடு. வருஷக்கணக்கில் இதே கதை.

பிறகு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க இரத்தினபுரிக்குக் கூப்பிட்டார்கள். தெரிவானால் டவுன் ஸ்கூலில் இடம், ஹாஸ்டல், மேல்படிப்பு. இல்லாவிட்டால் கொழும்பில் கார்மண்ட் வேலை என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் படிக்கத்தான் ஆசை.

அங்கே வழவழவென்று சீமெந்துத் தரை. முதல் பாதியில் அக்கா ஆடியதைப் பார்த்து டவுன் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இடைவேளை முடிந்து பக்கம் மாறினார்கள். அவ்வளவுதான், அவள் கால் மலை ஏறத் தொடங்கிவிட்டது. விசில். பந்து போனது. மறுபடி பிடித்தாள், மறுபடி ஏறினாள், மறுபடி விசில்.

மத்தியஸ்தர் நல்ல மனிதர். கிட்டே வந்து, இப்படி நடக்கக் கூடாது மகளே என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். நம்ம ஆள் சும்மா இருப்பாளா? இது மேட்டுப் பக்கம்தானே சேர் என்று அதே சிங்களத்தில் கேட்டுவிட்டாள். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம். அவளை எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தீபாவளி லீவுக்குக் கொழும்பு கார்மண்டிலிருந்து வந்திருந்தாள். வீட்டில் புதிதாக டிவி. அமெரிக்காக்காரர்களின் மேட்ச் ஓடியது. பனைமரம் மாதிரி ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவன்போல நடந்து போய் வளையத்தில் போட்டான். விசிலே இல்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு பெரிய ஆட்டத்தில் எங்கள் பெரட்டுக் களத்துச் சட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

"ஏன்டி, இவனுக்கு மட்டும் எல்லாப் பக்கமும் மேடா?"

கதவோரம் நின்ற அப்பா வந்து டிவியை நிறுத்தினார்.