மூடிய கண்களைத் திறக்கச் சொன்னார்கள்

1. குளோன், அண்டூ

கம்ப்யூட்டரில் நான் வேலையாகத் திருத்திக் கொடுத்த முதல் முகம், இறந்துபோன ஒருவருடையது.

தொண்ணூறுகளின் நடுவில் தீவு நகரத்தின் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ கவுண்டரில் இருந்தேன். பாஸ்போர்ட் படம் வெட்டுவது, நெகட்டிவை உறையில் போட்டுப் பெயர் எழுதுவது, இவைதான் என் வேலை. முதலாளி மணியம் அண்ணன் திடீரென்று ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனர், கலர் பிரிண்டர் எல்லாம் வாங்கி வைத்தார். விற்றவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எனக்குக் காட்டிக்கொடுத்தார். ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் பூசினால் அது குளோன். தப்புச் செய்தால் பின்வாங்க அண்டூ. அன்றைய சாப்ட்வேரில் ஒரே ஒரு தடவைதான் பின்வாங்க முடியும்; மறுபடி அழுத்தினால் அந்தப் பின்வாங்கலே ரத்தாகிவிடும்.

"யாராச்சும் கேட்டா தெரியும்னு சொல்லிடு. அப்புறம் பழகிக்கலாம் லா" என்றார் அண்ணன்.

முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முகம் காணாமல் போய்விடும். பழுப்புச் சதுரங்கள்தான் இருக்கும். திரும்பச் சிறிதாக்கினால் அதே முகம் எங்கிருந்தோ வந்து நம்மைப் பார்க்கும். அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

2. மகன் கொடுத்த கண்

பைராம் என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து குமரேசன் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், லாரி டிரைவர். அப்பா இறந்துவிட்டார், கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்றார். அவருடைய அப்பாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காதாம். அடையாள அட்டையான ஐ.சி.யில் இருந்த ஒரே படத்தையும், சாவைப் பதிந்தபோது அட்டையோடு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது, துக்க வீட்டில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த ஒரு படம். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. கண்கள் மூடியிருந்தன.

"கண்ணத் தொறந்த மாதிரி செஞ்சிடலாமா அண்ணே?"

மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார். "செய்யலாம். ஆனா வேற கண்ணு ஒண்ணு வேணுமே."

"எனக்கு எங்கப்பா கண்ணுன்னு எல்லாரும் சொல்வாங்க. என்னோடத எடுத்துக்குங்க."

அவரை உட்காரவைத்து அண்ணன் படம் எடுத்தார். நான் துணியை அழித்தேன், பஞ்சை எடுத்தேன், நெற்றிக் காசின் மேல் தோலைப் பூசினேன். கடைசியில் கண்களை வெட்டி ஒட்டினேன். ஒட்டியதும் அந்த முகம் என்னைப் பார்த்தது. நாற்காலியை இடதுபக்கம் தள்ளினேன், அங்கேயும் பார்த்தது. அண்டூ கொடுத்தேன், கண் மூடிக்கொண்டது. மறுபடி கொடுத்தேன், திறந்தது. அதற்குமேல் அந்த விசையைத் தொடக் கை வரவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது என்று அண்ணன் பாராட்டினார். குமரேசன் வாங்கிக்கொண்டு போனார்.

3. திரும்பி வந்த படம்

கருமாதிக்கு முந்தின நாள் காலை படம் திரும்பி வந்தது. துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குமரேசனின் தாயார் அஞ்சலையம்மாள் வந்திருந்தார். நிபோங் திபாலில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் கடல் கடக்கும் பெர்ரி பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கவுண்டரில் படத்தை வைத்தவர் துண்டைப் பிரிக்கவில்லை.

"மூஞ்சி என் வூட்டுக்காரரு மூஞ்சி. கண்ணு என் புள்ளையோடது. உசுரோட இருக்கிற புள்ள கண்ணுக்கு நான் எப்படிய்யா மாலை போட்டு வெளக்கேத்துவேன்?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே லா இருக்கு, அம்மா" என்றார் அண்ணன்.

"ஒங்களுக்கு ஒரே மாதிரி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

குமரேசன் பின்னால் நின்றிருந்தார். போன தடவை பார்த்ததைவிட இளைத்திருந்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அம்மா சொன்னதிலேருந்து எனக்கும் சரியில்ல தங்கச்சி. ஷேவ் பண்ணலாம்னு கண்ணாடி பார்த்தா, அப்பா உள்ளேருந்து பார்க்கிற மாதிரி இருக்கு. லாரி கண்ணாடியிலயும் அப்படித்தான். ரெண்டு நாளா வண்டி எடுக்கல."

அவருடைய கன்னத்தில் சவரம் செய்யாத தாடி இருந்தது.

வேறு கண்ணுக்கு எங்கே போவது? அஞ்சலையம்மாளையே கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்க சொல்லுங்கம்மா, நான் மாத்துறேன்" என்றேன். வேறு வழி தோன்றவில்லை.

அவர் கூச்சப்படாமல் சொன்னார். "வலது கண்ணு பாதிதான் தொறக்கும். பழம் வெட்டுறப்ப மட்டை முள்ளு பட்டது." நான் இமையை இழுத்து இறக்கினேன். "இவ்வளவு இல்ல." ஏற்றினேன். "வெள்ளை இப்படிப் பளிச்சுன்னு இருக்காது. செவந்து போயிருக்கும்." நிறம் கலந்தேன். "ஆளை நேராப் பார்க்க மாட்டாரு. கொஞ்சம் தள்ளிப் பார்ப்பாரு." கருவிழியைச் சதுரம் சதுரமாக நகர்த்தினேன். அவ்வளவு பெரிதாக்கியிருந்ததில் எனக்கு முகமே தெரியவில்லை. மகனுடைய கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. என்ன வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு படத்தைச் சிறிதாக்கினேன்.

பக்கத்து நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அஞ்சலையம்மாள் எழுந்து நின்று முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். குமரேசன் முழங்கைவரை மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"உட்காருங்கம்மா" என்றேன்.

"அவரு முன்னால நான் உட்கார்ந்ததில்ல" என்றார்.

அந்த மனிதரை உயிரோடு பார்த்திராத நானும் எழுந்து நின்றேன். பிரிண்டர் படத்தைக் கோடு கோடாக வெளியே தள்ளி முடிக்கும்வரை மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

4. உள்ளே இருப்பவர்

புதுப் படத்தைத் துண்டில் சுற்றியதும் அஞ்சலையம்மாள் திரையைக் காட்டினார். "இவரு எங்களோட வந்துட்டாரு. அங்க இருக்கிறது யாரு?"

அது பைல், படம் கெட்டுப்போனால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம் என்று விளக்கினேன்.

"யாரு கூப்பிட்டாலும் வருவாரா?"

நான் அம்பை அந்த பைலின் பெயர்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அழிச்சிடாதே, நாளைக்கு இன்னொரு காப்பி கேட்பாங்க" என்று கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தார் அண்ணன்.

"கேக்க மாட்டோம். இவரு அந்நிய வூட்டுல தங்குற ஆளில்ல. அனுப்பிவுடும்மா."

நான் பைலை அழிக்கப் போனேன். நிச்சயம்தானா என்று இயந்திரம் ஆங்கிலத்தில் கேட்டது. குமரேசன் அதைப் படித்துத் தாயாருக்குச் சொன்னார்.

"ஆமான்னு சொல்லு" என்றார் அவர்.

நானும் அப்படியே செய்தேன். பழைய கண் வைத்திருந்த பைலையும் தேடி எடுத்து அழித்தேன். குமரேசன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதே லாரியில் கடை வழியாகப் போனவர் ஹாரன் அடித்துக் கையசைத்தார். தாடி எடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ புது சாப்ட்வேர் வந்துவிட்டது. இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்வாங்கலாம். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இறந்தவர் முகத்தைத் தொடுவதற்கு முன், அந்தப் படத்துக்கு விளக்கேற்றப் போகிறவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கண்ணைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். வேலை முடிந்ததும், உள்ளே இருப்பவர் இருக்கலாமா, போகலாமா என்று கேளுங்கள். நான் இன்றுவரை கேட்காமல் விட்டதில்லை. பெரும்பாலானவர்கள் இருக்கட்டும் என்பார்கள். சிலர் மட்டும் திரைப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அங்கிருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோல.