மூன்று தொட்டி மீனும் திரும்பின

இது நடந்தது. சைகோனில், 1966ஆம் வருஷம், சுள்ளென்று வெயிலடிக்கிற பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்பவேண்டாம். ஆனால் ராக்கம்மை ஆச்சி பொய் சொல்லிப் பழகாதவள். அவள் சொன்னது சொன்னபடியே இங்கே இருக்கிறது.

அவள் கணவர் கரியமாணிக்கம் செட்டியார் நல்ல உயரம். வாசலில் குனிந்துதான் நுழைவார். தான்டின் சந்தைக்குப் பின்னால் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. மீன்கள் இருந்தன. கூடத்துச் சுவரோரம் நீளப் பலகை போட்டு, அதன்மேல் வரிசையாக மூன்று கண்ணாடித் தொட்டிகள். உள்ளே வேலம்பாசியும், நாடா நாடாவாக ஆடுகிற வேறொரு செடியும். மத்தியானம் ஊரே கதவடைத்துத் தூங்கும்போது அவர் மட்டும் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, இருமிக்கொண்டே அழுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருப்பார். பாதிக்குமேல் இறக்கமாட்டார், மீதி பழைய தண்ணீர் மீனுக்கு வேண்டும் என்பார். அவர் பக்கத்தில் போனால் போதும், மீன்கள் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆச்சி போனால் ஒன்றுகூட வராது.

"மீனுக்கும் பழைய தண்ணியத்தான் ஊத்தணுமாக்கும்? அதென்ன பொறந்த வீட்டுத் தண்ணியா?" என்று அவள் இடிப்பாள்.

"ஒன்னையும் காரைக்குடித் தண்ணியோட கூட்டியாந்திருக்கணும். வந்ததும் மூணு மாசம் வயித்து வலின்னு படுத்துட்டியே" என்பார் அவர்.

அந்த மனிதர் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே சரிந்தார், எழவே இல்லை.

ஊருக்கு வந்துவிடு என்று கொழுந்தன் கடிதம் மேல் கடிதம் போட்டார். ஆச்சி போகவில்லை. "அவுக இந்த மண்ணுல இருக்காக. நான் மட்டும் கப்பலேறுறதா?" இதற்குள் வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். இடித்துவிட்டு, அமெரிக்கர்களுக்கு வாடகைக்கு விட மாடி கட்டப்போகிறானாம். மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு மாடி அறை கிடைத்தது. ஆச்சிக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. புது இடம் அவருக்குத் தெரியாதே... தன்னைத் தேடி எப்படி வருவார்?

மீன்களை அவர் சொல்லிவைத்த முறைப்படியே கிளப்பினாள். முதல் நாள் இரை போடவில்லை. பித்தளைக் குடங்களில் பழைய தண்ணீரைப் பிடித்து மீன்களை அதில் விட்டாள். செடிகளை வேரோடு எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள். மணலைக் காயவிடாமல் வாளியில் அள்ளினாள். காலித் தொட்டிகளுக்கு நடுவே தலையணைகளைச் செருகினாள். எல்லாம் இரண்டு சிக்ளோ ரிக்ஷாவில் ஏறியது.

பிறகு தனியாக உள்ளே திரும்பி வந்தாள். வெறும் கூடம். உச்சி வெயில் ஓட்டு இடுக்கில் இறங்கியிருந்தது. வாசற்படியில் நின்று கூப்பிட்டாள்.

"எல்லாம் ஏத்தியாச்சு. வாங்க... போவோம்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். செத்தவர்களை அழைத்துப் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

புது அறையில் கதவிலிருந்து சுவரோரமாகப் பலகை போட்டு, அதே வரிசையில் தொட்டிகளை வைத்தாள். மூன்றாவது தொட்டிக்கு அடுத்து அவள் பாய். பாதி பழைய தண்ணீர், பாதி புதியது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

நான்கைந்து நாள் போயிருக்கும். மத்தியானம். தெரு அடங்கிவிட்டது. ஆச்சி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் தொட்டிகள்மேல் இருந்தது.

முதல் தொட்டியில் மீன்கள் திரும்பின.

எல்லாம் ஒரே பக்கம். கதவுப் பக்கம். அங்கே யாரும் இல்லை. மீன்கள் கண்ணாடியோடு ஒட்டி நின்று வாயை வாயைத் திறந்தன. கொஞ்ச நேரத்தில் கலைந்தன.

இரண்டாவது தொட்டி மீன்கள் கூடின.

ஆச்சி பாயில் கையை ஊன்றினாள். எழ நினைத்தாள். உடம்பு வரவில்லை.

சத்... சத்... ஈரக்கால் தரையில் படுகிற மாதிரி.

மூன்றாவது தொட்டி.

எல்லா மீனும்... அவள் தலைமாட்டைப் பார்த்து.

டிக்... டிக்...

நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

ஆச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "வந்துட்டீகளா?"

தட்டுவது நின்றது.

அன்று அவள் குழம்பு வைத்து இரண்டு இலை போட்டாள். துக்கம் விழுந்த நாள் முதல் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பயம் போய்விட்டது. படுத்தபடியே பேசுவாள். கொழுந்தன் எழுதியது, வெங்காயம் விற்கிற விலை, எல்லாம் சொல்வாள். இரண்டு விஷயம் மட்டும் அவளை உறுத்தின. கண்ணாடியைத் தட்டுவது அவருக்குப் பிடிக்காது, தட்டியவர்களைக் கடிந்துகொள்வார். இன்னொன்று, மீன்கள் மேலே வரவில்லை. தொட்டியின் அடியில், மணலோடு மணலாகக் கூடி நின்றன... அவர் முகம் அவ்வளவு கீழே ஏன் இருக்கவேண்டும்?

செத்தவுக தேஞ்சுபோவாகளோ என்னமோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பழைய வீட்டை ஒட்டின வீடு ஜெய்த்தூன் பீவியுடையது. காரைக்கால்காரி. இடையில் ஒற்றைச் சுவர்தான். ஒரு சாயங்காலம் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"ஆச்சி, சொல்லாம இருக்க மனசு கேக்கல. நீ போனதுலேர்ந்து அந்த வூடு பூட்டித்தான் கெடக்கு. ஆனா மத்தியானம் ஆனா செவுத்துக்கு அந்தாண்ட செட்டியாரு இருமுறாரு."

ஆச்சி சிரித்துவிட்டாள். "என்ன பீவி ஒளறுறிய? அவுக இங்கல்ல இருக்காக? நாந்தான் கூப்புட்டுக் கூட்டியாந்துட்டேனே."

"அதே இருமல் ஆச்சி. அப்பறம் கொழாய உறிஞ்சித் துப்புற சத்தம். அங்கேருந்து இங்க, இங்கேருந்து அங்க நடக்குறாரு. எதையோ வச்ச எடத்துல காணாம தேடுறாப்ல."

ஆச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீ எப்புடிக் கூப்ட்டே?" என்றாள் பீவி.

"வாங்க, போவோம்னேன்."

"பேரச் சொன்னியா?"

"அவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்? கட்டின நாள்லேருந்து சொன்னதில்லையே."

பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "உச்சி வேளையில, பேரு இல்லாம, பொதுவா வாங்கன்னா... எது வேணாலும் வரும்ல ஆச்சி?"

இருவரும் தொட்டிப் பக்கம் பார்க்கவில்லை.

"நாளைக்கு இடிக்க ஆள் வருது. அதான் ஓடியாந்தேன்."

ஆச்சி அப்போதே கிளம்பினாள். பெருந்தெருவில் அரசாங்கத்தை எதிர்த்துப் பிக்குகளின் ஊர்வலம். போலீஸ்காரர்கள் முள்கம்பி போட்டுத் தெருவை அடைத்திருந்தார்கள். கண்ணெரியும் புகை. அழுது பார்த்தாள், கும்பிட்டுப் பார்த்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விடிந்ததும் போனாள்.

கூரை இல்லை. தொட்டிகள் இருந்த சுவர் இல்லை. தலையில் ஓலைத் தொப்பி போட்ட பெண்கள் கூடையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். ஆச்சி கல்லும் மண்ணும் மிதித்து, கூடம் இருந்த இடத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். கூச்சமாக இருந்தது. மறுபடி திறந்தாள்.

"கரியமாணிக்கம்..."

முதல் தடவை அவளுக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். செங்கல் சுமந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள்.

இருமல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. புழுதி மட்டும் மெதுவாக இறங்கியது.

அறைக்குத் திரும்பும்போது உச்சி வேளையாகிவிட்டது. பாயில் உட்கார்ந்தாள். முதல் தொட்டி... இரண்டாவது... மூன்றாவது. மீன்கள் வந்து அடியில் கூடி நின்றன. அன்றைக்குத்தான் அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வெளிப்புறம், அவள் இடுப்பு உயரத்துக்கும் கீழே, சின்னப் பிள்ளையின் மூச்சுப் பட்டதுபோல வட்டமாக ஈரம் பூத்திருந்தது. பூத்தது... மறைந்தது. மறுபடி பூத்தது.

"நீ யாரு?" என்று கேட்டாள்.

டிக்... டிக்...

பீவி தகடு மந்திரித்துத் தர ஆள் கூட்டிவருகிறேன் என்றாள். கோயில் குருக்கள் திருநீறு தந்தார். ஆச்சி எதையும் செய்யவில்லை. கூப்பிட்டது அவள்தானே. வந்ததைப் போ என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.