அண்ணன் மீண்டும் உட்காரப் பழகிய காலம்

எங்கள் அண்ணன் ஆண்டவரில் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். தங்கையாகிய நான் அறிந்ததை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, கப்பல் பட்டறையில் சாயம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து எங்களைக் காப்பாற்றினார். எழுபதுகளின் நடுவில், திருமணமான சில மாதங்களில், சாரத்திலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

மார்சிலிங் வீட்டுக்கு அழைத்து வந்த பின், அண்ணியே அவரைக் குளிப்பாட்டினார், உடுத்திவிட்டார், புரட்டிப் படுக்க வைத்தார். அண்ணன் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். இடுப்பில் படுக்கைப்புண் கண்டது. வலி தெரியாததால் அவர் அறியவில்லை. புண் எலும்புவரை இறங்கிய பிறகு மறுபடியும் மருத்துவமனை. பிழைப்பாரா என்பதே அப்போது ஐயமாக இருந்தது.

அங்கே, நாங்கள் மிஸ்ஸி என்றழைத்த தமிழ்த் தாதி ஒருவர் இருந்தார். புண் ஆறியதும் ஒருநாள் அண்ணனின் மடியில் கால்சட்டையைப் போட்டார். உதவப் போன அண்ணியைத் தடுத்தார்.

“நீங்களே எல்லாத்தையும் செஞ்சிட்டா அவரு எப்பலா கத்துக்குவாரு? கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.”

அண்ணன் சாய்ந்தார், கவிழ்ந்தார், கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தார். சாப்பாடு வந்து ஆறிப்போனது. அண்ணி அழுதுகொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் அண்ணன் கேட்டார்: “பெல்ட் எங்க?”

அதன்பின் கைக்கண்ணாடி பிடித்து புண் வருகிறதா என்று பின்புறத்தைத் தாமே சோதிக்கவும், கையூன்றிச் சக்கர நாற்காலிக்கு மாறவும் பழகினார். வீட்டிலிருந்தே வானொலி பழுது பார்த்தார். எண்பதுகளில், தம்மைப்போல் அடிபட்டு வந்தவர்களைக் காண அதே மருத்துவமனை வார்டுக்குப் போய்வந்தார். “எப்ப நடப்பேன்ணே?” என்று கேட்பவரிடம், “எனக்குத் தெரியாது தம்பி. மொதல்ல உட்காருவோம்,” என்பார்.

சிறுநீரகம் பழுதாகிக் கடைசி நாள்களில் கைவலுவும் குறைந்தது. “இப்ப நீ செய்,” என்று அண்ணியிடம் தோளைக் கொடுத்தார்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. அது நிற்கும் அடுத்த தளம்வரை அண்ணனை நாற்காலியோடு தூக்கிச் சென்ற சீன, மலாய் அண்டைவீட்டாருக்கும், அந்த மிஸ்ஸிக்கும் எங்கள் குடும்பம் நன்றி செலுத்துகிறது. இறுதித் திருப்பலியன்று, அண்ணன் வார்டில் கண்டு பேசியவர்கள் வந்திறங்கிய சக்கர நாற்காலிகளுக்கு இடமில்லாமல், முன்வரிசைப் பெஞ்சுகளை வெளியே தூக்கி வைத்த பங்கு இளைஞர்களுக்கும் நன்றி. அண்ணன் இருந்தவரை எங்கள் கோவிலுக்கு வந்த சக்கர நாற்காலி அவருடையது ஒன்றுதான்.