கண்ணுக்குள் நின்ற சவம்

மனநல ஆலோசகர் வேலை என்பது அடுத்தவர் வாயைக் கிளறிப் பிழைக்கிற பிழைப்பு. அது எந்த ஊர் வாய் என்பதை மட்டும் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. இதே தொழிலில் லோல்படும் அன்பர்கள் படித்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம், உங்களுக்கும் நடந்திருக்கும்.

நான் கும்பகோணத்துக்காரி. கடைவாசல் காயின் பாக்ஸ் போனுக்குத் திருப்பூரே வரிசையில் நின்ற காலம் அது. ராயபுரத்தில் ஒரு அறக்கட்டளை, மாடியில் இரண்டு அறை பிடித்து, பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு இலவச மனநல மையம் நடத்தியது. பேச்சுக் கொடுப்பது நான். மருந்து கொடுப்பது டாக்டர். அவர் காங்கயம் பக்கத்துக்காரர். ஊசி குத்தும்போதுகூட ‘ங்க’ போட மறக்கமாட்டார்.

வாசல்படி வைத்தியம்

உள்ளூர்க்காரர்களிடம் விஷயம் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தூக்கம் எப்படி என்றேன். “நல்லாத் தூங்கறனுங்க.” சாப்பாடு? “அதெல்லாம் ஆகுதுங்க.” வீட்டில் ஏதாவது பிரச்சினை? “ஒண்ணுமில்லீங்க.” இவ்வளவு நன்றாக இருப்பவர் இரண்டு பஸ் மாறி ஏன் வந்தார் என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனவர், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். “ஏனுங்க, சொல்ல மறந்தே போச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு தறிய வித்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.” அதன்பிறகு அரை மணி நேரம் நின்றபடியே பேசினார். அடுத்து வந்தவரும் அப்படி, அதற்கடுத்தவரும் அப்படி. ஒருநாள் டாக்டரே சலித்துப்போய்ச் சொன்னார்: “மேடம், செருப்புப் போடற எடத்துல எனக்கொரு சேர் போட்டுருங்க.”

இசக்கியம்மாள் வந்தாள்

தெற்கத்திக்காரர்கள் விஷயத்தில் அந்தக் கவலையே கிடையாது, பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதில்தான் மாட்டினோம்.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண் இசக்கியம்மாள். ஓவர்லாக் டெய்லர். புருஷன் சாயப்பட்டறையில் வேலை. இருவரும் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவளைக் கூட்டிவந்த பனியன் கம்பெனிப் பெர்சனல் ஆபீசர் என்னிடம் தனியாகச் சொன்னார்: “மெஷின்ல உக்காந்துட்டே அழுகுதுங்க. ஊருக்கு அனுப்பிருங்கன்னு மேல சொல்றாங்க. டாக்டர் நல்லாருக்குதுன்னு சொன்னாத்தான் நான் வெச்சுக்க முடியுமுங்க.” ஆக, அவள் வேலை எங்கள் டாக்டரின் வாயில் இருந்தது.

“என்ன பண்ணுதுங்க கண்ணு?” என்றார் டாக்டர்.

“அந்தச் சவம் கண்ணுக்குள்ளயே நிக்கு சார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எப்பத் தெரியுதுங்க?”

“ராத்திரி கண்ண மூடுனாப் போதும். சட்டையில்லாம கதவுகிட்ட நிக்கும். ‘எம்மா’ன்னு கூப்பிடும்.”

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். டாக்டர் குரலைத் தாழ்த்தி, “பயமா இருக்குதுங்களா?” என்று கேட்டார். அவள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “எதுக்குப் பயம்? அப்படியே தூக்கி இடுப்புல வச்சிக்கிடணும்போல இருக்கு சார்.”

சவத்துக்குப் பெயர்

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, “சீரியஸுங்க. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சு ஊருக்கு அனுப்பிரலாமுங்க” என்றார். ஒரு ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு உள்ளே போனேன். அப்படித் தெரிகிற உருவத்துக்குப் பெயர் உண்டா என்று கேட்கவேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்: “இசக்கியம்மா, அந்தச் சவத்துக்குப் பேரு ஏதாவது இருக்கா?”

“இருக்கே. செல்வி. ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. பால்குடி மறக்கடிச்ச கையோட மாமியாகிட்ட விட்டுட்டு வந்தேன். ரெண்டு பேரும் சிப்டுக்குப் போனா யாரு பாக்க? இப்ப போன் போட்டா, யாரோன்னு நெனச்சிப் பேசவே மாட்டேங்கு.” சொல்லச்சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நாங்கள் பிணம் என்று நினைத்த கதையை அவளிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “பெத்த பிள்ளையச் சவம்னு ஏசாம, ஒங்க டாக்டரு மாதிரி வாங்க போங்கன்னா கூப்பிடுவாவ?”

டாக்டர் எழுதாத மருந்து

பிரச்சினை அதோடு தீரவில்லை. பிள்ளை ஏக்கமும் நிஜம், தூக்கமின்மையும் நிஜம். வேலைக்கு ஆபத்து அப்படியே இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பெர்சனல் ஆபீசரை உள்ளே கூப்பிட்டு, “பொண்ணுக்குச் சித்தம் தெளிவா இருக்குதுங்க. புள்ளதானுங்க வேணும். உங்க கம்பெனில குழந்தைகள் காப்பகம்னு போர்டு பாத்தனுங்களே?” என்றார்.

அந்த ஆபீசர் நெளிந்தார். போர்டு இருந்தது, உண்மைதான். உள்ளே அட்டைப்பெட்டிகள்தான் வளர்ந்துகொண்டிருந்தன. மேலே கேட்கணும், ஆயா போடணும் என்று இழுத்தார். மேலே ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குப் பட்டது. இசக்கியம்மாள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவருக்குத் திடீரென்று ஏதோ பொறிதட்டியது, முகம் மலர்ந்துவிட்டது. “வர்ற வாரம் நம்ம பனியன் வாங்கற வெளிநாட்டு பையர் காப்பகத்தப் பாக்க வர்றாங்க. அழுகறதுக்கு நெசமாவே ஒரு கொழந்தை இருந்தா நல்லாத்தானுங்க இருக்கும்!”

செல்வி வந்தாள்

செல்வி வந்தாள், ஆயாவும் வந்தாள். அடுத்த மாதத்துக்குள் அந்தக் காப்பகத்தில் இன்னும் சில தெற்கத்திப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் முதலில் சில நாள் செல்வி அம்மாவிடம் ஒட்டவேயில்லை, ‘அத்தை’ என்றுதான் கூப்பிட்டாளாம். பிள்ளையோடு மையத்துக்கு வந்து இசக்கியம்மாள் அதைச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது அந்தச் சின்னது அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டாக்டரை முறைத்துக்கொண்டிருந்தது.

“இப்ப நல்லாத் தூங்கறீங்களா கண்ணு?” என்றார் டாக்டர். இசக்கியம்மாளின் கண்கள் முன்னைவிடச் சிவந்திருந்தன. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: “எங்க சார் ஒறங்க? விடிய விடிய இந்தச் சவம் நெஞ்சுல ஏறி மிதிக்கில்லா!”

அன்று மாத்திரை எழுதாமல் விட்டதுதான் தன் வாழ்நாளிலேயே தலைசிறந்த வைத்தியம் என்று டாக்டர் போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறார். ஐந்து நிமிஷம் கெஞ்சி வாங்கியவளை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்.